செயலாளரின் ஆண்டறிக்கை: பயிற்றுநர் பாட் சம்மிட்டின் பணிவாழ்வும் நமது பெண்கள் கூடைப்பந்துக் குழுவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, பெற்றோர்களே, ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு வருகை தந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் பெண்கள் கூடைப்பந்துக் குழுவில் நன்றாக ஆடிவரும் மாணவிகள் பதினாறு வயதில் படிவம் நான்கிற்குப் போனதும் விலகிவிடுகிறார்கள், இதற்கு ஒரு வழி காண வேண்டும் என்று சென்ற பொதுக்கூட்டம் செயலவையைப் பணித்திருந்தது. அதன்படி, இவ்வாண்டு மாதந்தோறும் சங்க மண்டபத்தில் பயிற்றுநர்களும் பெற்றோர்களும் கூடிப் பேசும் வட்டம் ஒன்றை நடத்தினோம். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியை 1974 முதல் 2012 வரை 38 பருவங்கள் பயிற்றுவித்த பாட் சம்மிட்டின் பணிவாழ்வை அவ்வட்டத்தில் பாடமாக எடுத்துக்கொண்டோம். சங்கத்தின் பிற நிகழ்ச்சிகள் வழக்கம்போல் நடந்தேறின. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படைப்பார். ஆகவே இவ்வறிக்கை இந்த ஒரு பணியைப் பற்றியதாகவே அமைகிறது.

1,098 வெற்றிகள், 208 தோல்விகள், எட்டுத் தேசிய வாகையர் பட்டங்கள் என்பது அந்த அம்மையாரின் கணக்கு. அவர் ஓய்வுபெற்றபோது, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் ஆண்கள் அணி, பெண்கள் அணி எதையும் பயிற்றுவித்தவர்களில் அவரைவிட அதிக வெற்றி கண்டவர் எவரும் இல்லை. ஆனாலும் நம் வட்டத்தின் கவனத்தை ஈர்த்தது வேறொரு செய்தி. அவரிடம் ஆடி, கல்லூரி ஆட்டக்காலத்தை நிறைவு செய்த மாணவிகள் அனைவரும் பட்டம் பெற்றனர். நம் குழுவுக்கு அவரைப் பாடமாகத் தேர்ந்ததற்கு இதுவே காரணம்.

அவர் 1952ஆம் ஆண்டு டென்னசி மாநிலத்து விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். வைக்கோல் பரணில் மாட்டிய வளையத்தில் அண்ணன்மாரோடு ஆடிப் பழகினார். அவர் சேர வேண்டிய உயர்நிலைப்பள்ளியில் பெண்கள் அணி இல்லாததால், அணி உள்ள பள்ளியில் மகள் படிக்கட்டும் என்று தந்தை குடும்பத்தோடு வேறு ஊருக்கே குடிபெயர்ந்தார். இச்செய்தியை வட்டத்தில் படித்தபோது மண்டபத்தில் அமர்ந்திருந்த தகப்பன்மார் சிலர் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

தலைமைப் பயிற்றுநர் பொறுப்பு கைக்கு வந்தபோது அவருக்கு வயது 22. மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் வேனை அவரே ஓட்டினார், சீருடைகளை அவரே துவைத்தார். அந்தச் சீருடைகளும் டோனட் விற்றுச் சேர்த்த பணத்தில் வாங்கியவை. பள்ளி, கல்லூரிகளில் பெண்களுக்குச் சம வாய்ப்பை வற்புறுத்தும் சட்டம் அமெரிக்காவில் 1972இலேயே நிறைவேறியிருந்தும், பணமும் வசதியும் உடனே வந்து சேரவில்லை. 1974 டிசம்பரில் ஆடிய முதல் ஆட்டத்தில் அவருடைய அணி ஒரே புள்ளியில் தோற்றது. 1976இல் மொன்றியால் ஒலிம்பிக்கில் ஆட்டக்காரராக வெள்ளிப் பதக்கமும், 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பயிற்றுநராகத் தங்கமும் பெற்ற அவருக்கு, பல்கலைக்கழக அணியோடு முதல் தேசியப் பட்டம் கிடைத்தது 1987இல்தான். அதற்கு முந்தைய பன்னிரண்டு பருவங்களில் இறுதியாட்டம் வரை சென்று தோற்றதும் உண்டு. ஈராண்டில் கோப்பை வரவில்லையே என்று நம் குழுவைப் பற்றிக் கவலைப்படும் உறுப்பினர்கள் இந்தக் கால அளவை மனத்தில் கொள்ள வேண்டுமென்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

ஆட்ட நுட்பத்திலும் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி கிடைத்தது. அவர் பள்ளியில் படித்த காலத்தில் டென்னசி உயர்நிலைப்பள்ளிப் பெண்கள் ஆடியது அறுவர் கூடைப்பந்து. மூவர் தாக்குவார்கள், மூவர் தற்காப்பார்கள். நடுக்கோட்டைத் தாண்ட யாருக்கும் அனுமதியில்லை. இப்படி அரைத் திடலிலேயே வளரும் பெண் கல்லூரிக்கு வரும்போது ஆட்டத்தின் மறுபாதியை அறியாமலே வருகிறாள் என்பதால் அம்முறையை அவர் எதிர்த்தார். 1979இல் அம்மாநிலப் பள்ளிகள் ஐவர் ஆட்டத்திற்கு மாறின. நம் தமிழ்ப்பள்ளி மாணவிகள் வலைப்பந்து ஆடி வளர்ந்தவர்கள். அதிலும் ஒவ்வொருவருக்கும் எல்லை உண்டு. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட இடமில்லை. கோல் போடும் உரிமை இருவருக்கு மட்டுமே. இடைநிலைப்பள்ளிக்கு வந்து கூடைப்பந்து பழகும் நம் பெண்கள் பந்தைப் பிடித்ததும் கால் ஊன்றி நின்றுவிடுவதும், தற்காப்பாளராக இருந்தவர் வளையத்தைப் பார்க்கவே தயங்குவதும் இப்பழக்கத்தால் வருபவை. வலைப்பந்து தரும் துல்லியமான பந்து பரிமாற்றத்தை நாம் இழக்கத் தேவையில்லை. ஆயினும் புதிதாகச் சேர்பவர்களை முதல் மூன்று மாதங்களுக்கு எல்லா இடங்களிலும் மாறி மாறி ஆடவைப்பது என்று பயிற்றுநர்கள் முடிவு செய்து, அதை நடைமுறைக்கும் கொண்டுவந்துள்ளனர்.

இனி, விலகல் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். ஏப்ரல் மாதக் கூட்டத்திற்கு, பிறை நகரத் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை முடித்து நேரே வந்திருந்த ஒரு தாயார் எழுந்து, “ஐயா, இவள் பந்து பந்து என்று ஓடிக்கொண்டிருந்தால் எஸ்.பி.எம். என்னாவது? நாளைக்கு எனக்கு யார் பதில் சொல்வது?” என்று பயிற்றுநரிடம் கேட்டார். எஸ்.பி.எம். என்பது நம் பிள்ளைகள் படிவம் ஐந்தில் எழுதும் அரசாங்கத் தேர்வு. ஆகவே கேள்வியில் கோபமும் இருந்தது, நியாயமும் இருந்தது. பயிற்றுநர், “அம்மா, அந்தப் பதிலைச் சொல்லும் பொறுப்பு எனக்கும் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு, சம்மிட் தம் மாணவிகளுக்கு வைத்திருந்த விதிகளை விளக்கினார். வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் அமர வேண்டும். தக்க காரணமின்றி வகுப்பைத் தவறவிட்டால் ஆட்டத்தில் இடமில்லை. எத்தனை பெரிய ஆட்டக்காரராயினும் இதில் விலக்குக் கிடையாது.

அன்றே நம் குழுவுக்கும் விதி வகுத்தோம். பள்ளிக்கு வராத நாளில் பயிற்சியும் இல்லை, அந்த வார ஆட்டமும் இல்லை. ஒவ்வொரு மாணவியின் டியூஷன் அட்டவணையும் பந்து வைக்கும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டது. அவற்றைப் பார்த்தே பயிற்சி நேரம் புதன் மாலையிலிருந்து சனிக்கிழமை காலைக்கு மாற்றப்பட்டது. ஜூலையில் நடந்த நட்புமுறை ஆட்டமொன்றில், குழுவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் அவ்வாரம் பள்ளிக்கு மட்டம் போட்டிருந்ததால் சீருடையோடு பெஞ்சில் அமர்ந்து, தோழிகளுக்குத் தண்ணீர்ப் புட்டி நீட்டிக்கொண்டிருந்தார். ஆட்டத்தில் நாம் தோற்றோம். பயிற்றுநர் விதியைத் தளர்த்தாததைச் செயலவை முழுமனத்தோடு ஆதரிக்கிறது. ஏப்ரலில் கேள்வி கேட்ட தாயார் தம் மகளைப் படிவம் நான்கிலும் தொடர்ந்து அனுப்பிவருகிறார்.

சம்மிட்டின் பயிற்சி முறைகளில் இன்னொன்றையும் கைக்கொண்டோம். உயரமும் வேகமும் மிகுந்த ஆண் மாணவர்களை எதிரணியாக நிறுத்தி அவர் தம் அணிக்குப் பயிற்சி கொடுத்து வந்தார். அவ்வாறே சங்கத்தின் இளைஞர் பிரிவினர் சிலர் மாதம் ஒருமுறை வந்து நம் பெண்களை எதிர்த்து ஆடுகின்றனர், அவர்களுக்கு நன்றி.

அவருடைய பணியின் கடைசிப் பருவத்தை வட்டத்தில் மிக நேரம் எடுத்துப் பேசினோம். 2011 ஆகஸ்டில், தமக்கு நினைவாற்றலைக் குலைக்கும் அல்சைமர் நோயின் தொடக்கம் கண்டறியப்பட்டுள்ளதை 59ஆம் வயதில் அவர் வெளிப்படையாக அறிவித்தார். அதன் பிறகும் ஒரு பருவம் முழுவதும் அணியோடு இருந்தார். பொறுப்புகளில் பெரும்பகுதியை உதவிப் பயிற்றுநர்கள் ஏற்றுக்கொள்ள, அணி அவ்வாண்டும் தேசியப் போட்டிக்குள் நுழைந்தது. 2012 ஏப்ரலில் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஹாலி வார்லிக், அவரிடமே ஆடிப் பின்னர் 27 ஆண்டுகள் அவருக்கு உதவியாளராக இருந்தவர். சம்மிட் 2016 ஜூன் 28ஆம் நாள் காலமானார். பொறுப்பைக் கைமாற்ற வேண்டிய நேரம் வந்தபோது, அணியை உள்ளும் புறமும் அறிந்தவர் அருகிலேயே இருந்தார் என்பது எங்களைச் சிந்திக்க வைத்தது. நம் குழு இன்றுவரை ஒரே பயிற்றுநரின் ஓய்வு நேரத்தை நம்பியே நடக்கிறது. அவர் வெளியூருக்கு மாற்றலாகிப் போனால் திடலைத் திறக்க ஆளில்லை.

ஆகவே செயலவை இரண்டு முன்மொழிவுகளைப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறது. எஸ்.பி.எம். முடித்த நம் முன்னாள் மாணவிகளில் விருப்பமுள்ள இருவரை உதவிப் பயிற்றுநர்களாக நியமித்து, அவர்களின் பயிற்றுநர் சான்றிதழ் வகுப்புக் கட்டணத்தையும் போக்குவரத்துச் செலவையும் சங்கம் ஏற்க வேண்டும் என்பது முதலாவது. அரசாங்கத் தேர்வு எழுதும் மாணவிகளின் பெயரை அவ்வாண்டு முழுவதும் குழுப் பட்டியலிலேயே வைத்திருந்து, அவர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் வந்தாலும் முழு உறுப்பினராகவே கருத வேண்டும் என்பது இரண்டாவது. இவற்றுக்கான மதிப்பீட்டைப் பொருளாளர் தம் அறிக்கையில் சேர்த்துள்ளார். உறுப்பினர்கள் விவாதித்து, இவ்வறிக்கையோடு சேர்த்து ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
பினாங்கு