வில்லிசைக் (வில்லுப்பாட்டு) கலைஞர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், குழுவின் தலைமைப் பாடகர்களான அண்ணாவிமார், குடக்காரர், உடுக்கைக்காரர், பின்பாட்டுக்காரர் உள்ளிட்ட உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

முதலில் இரங்கல். நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி அம்மாள் 2025 ஜூன் மாதம் தமது 99ஆம் வயதில் காலமானார். 1985இல் வந்த ‘ஆண்பாவம்’ படம் அவரை நாடறியச் செய்தது. அதற்கு முன்பே வானொலி நேயர்களுக்கு அவர் குரல் பழக்கம். இருந்த இடத்திலேயே அடி கட்டிப் பாடக்கூடியவர் என்று பெயர் பெற்றவர். அப்படிக் கட்டும் பாட்டு எழுத்திலோ ஒலிப்பதிவிலோ ஏறாவிட்டால் அன்றைக்கே போய்விடும். ஏறிய பிறகும், கட்டியவர் பெயர் இல்லாமல் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்ற ஒரே சொல்லில் ஊர்ப்பொதுவாகிவிடுகிறது. இந்த ஆண்டு சங்கம் தன் பெரும்பகுதி நேரத்தைச் செலவிட்டது இதற்காகத்தான். பாட்டு யாருடையது என்று எழுதி வைக்கும் வேலை அது.

வில்லிசையில் இது மற்றக் கலைகளைவிடச் சிக்கலானது. கோயில் கொடை விழாவில் பாடும் சுடலைமாடன் கதையோ முத்துப்பட்டன் கதையோ ஏட்டில் உள்ள கதைதான். ஆனால் எந்த அண்ணாவியும் ஏட்டை அப்படியே பாடுவதில்லை. கதைக்கு முன் பாடும் காப்பு, குருவடி (குரு வணக்கம்), அவையடக்கம் ஆகியவற்றில் சொந்த அடிகள் உண்டு. நாட்டின் செழிப்பைப் பாடும் நாட்டுவளத்தை அந்தந்த ஊருக்கு ஏற்றபடி கட்டுவார்கள். சாமி வரும் கட்டத்தில் கூட்டம் பார்த்து நீட்டிக் கட்டிய வரிகள் அடுத்த கொடையில் கதையோடு ஒட்டிவிடும். இருபது வருடம் பாடியபின் எது ஏட்டுப் பாட்டு, எது குரு கொடுத்தது, எது தான் கட்டியது என்று பாடியவராலேயே பிரிக்க முடியாது.

பிரிக்க ஒரு முறையை வகுத்து, அதன்படியே எல்லாப் பாட்டேடுகளையும் (அண்ணாவிமாரின் பாட்டு நோட்டுகள்) பார்த்துவருகிறோம். முதலில் அண்ணாவியின் நோட்டிலிருந்து முழுக்கதையையும் புதுத் தாளில் பெயர்த்தெழுத வேண்டும். அச்சில் வந்த கதைகளுக்கு அச்சுப் பதிப்போடு ஒப்பிடலாம். முத்துப்பட்டன் கதைக்கு நா. வானமாமலை பதிப்பித்து 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட நூல் இருக்கிறது. அதிலும் கோயில் ஏட்டிலும் உள்ள அடிகளுக்குக் கறுப்பு மை. மீந்த அடிகளை, அதே குருவிடம் படித்த இன்னொருவரிடம் பாடிக் காட்டிக் கேட்க வேண்டும். அவரிடமும் இருந்தால் குருவுடையது, நீல மை. அவரிடம் இல்லாதது மட்டுமே அண்ணாவியின் சொந்தக் கட்டு, சிவப்பு மை. இன்னொரு சீடரிடம் கேட்கும் இந்தக் கட்டத்தைத் தாண்டிக்கொண்டு போனால் குருவின் வரி சீடர் பெயரில் ஏறிவிடும். பிற்பாடு சண்டை வருவது அங்கேதான். ஆகவே குருபரம்பரையில் ஒருவர் கையெழுத்தில்லாத தாளைச் சங்கம் ஏற்பதில்லை.

ஒவ்வொரு பாட்டுக்கும் முதலடி, கட்டிய ஆண்டு, எந்தக் கொடைக்கு, மெட்டு எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கம். மெட்டுக் கட்டத்தைத் தயவுசெய்து காலியாக விடாதீர்கள். சினிமா மெட்டில் சொந்தச் சொல் வைத்த பாட்டை யூடியூபில் ஏற்றினால் மெட்டுக்கு உரியவர் உரிமை கோரி வருமானத்தை எடுத்துக்கொள்ள முடியும். பழைய சிந்து மெட்டோ கும்மி மெட்டோ என்றால் அந்தத் தொல்லை இல்லை. மெட்டு பொது, சொல் உங்களுடையது.

பழைய நோட்டுகளுக்கு லேமினேஷன் வேண்டாம். சூட்டில் மை பரவும், பிறகு பிரிக்கவும் முடியாது. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டினால் சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். நிழல் வெளிச்சத்தில் படமெடுத்து, நோட்டை உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

ஒலிப்பதிவில் வந்த குறை பெரும்பாலும் குடத்தால் வந்தது. கைபேசி ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும். குடத்தில் அடி விழுந்ததும் அது அளவைத் தாழ்த்த, பாடுபவரின் குரல் அமுங்கி, மறுபடி எழும்பும். சொல் பாதி கேட்காது. எனவே முதலில் தாளக்கட்டை மட்டும் வைத்துத் தனிக்குரலில் ஒருமுறை, பிறகு முழுக்குழுவோடு ஒருமுறை என்று இரண்டு பதிவு. மைக்கை வில்லுக்கு முன்னால் வைக்காதீர்கள், வில்மணிச் சத்தம் முழுவதும் அதில் ஏறும். வில்லுக்கும் பாடுபவருக்கும் நடுவில், வாயிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வைக்கலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக ஒற்றைத் தடத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்.பி. ஆகும். மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள்.

மழைக்காலப் பதிவில் உடுக்கைச் சவ்வு தளரும். தணலில் காட்டுவது சரி. நெருக்கிக் காட்டினால் கிழியும்.

சட்டப் பக்கம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி கட்டியவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் பாட்டுக்கு உரிமை உண்டு. பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவது கட்டாயமில்லை, ஆனால் வழக்கு வந்தால் சான்றாகும். சொல்லும் மெட்டும் தனித்தனிப் படைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பதிவுக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்ப எண் கிடைத்தபின் ஆட்சேபணைக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். உரிமையை எழுத்தில் கையெழுத்திட்டுத்தான் மாற்றித்தர முடியும். காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்தாண்டோடு முடியும். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாட்டாசிரியர் தம் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது. கேசட் காலத்து வழக்கப்படி மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவதை உறுப்பினர்கள் இனியாவது நிறுத்த வேண்டும். கட்டியவரே பாடினால் சொல், மெட்டு, குரல் என மூன்று உரிமை. முதல் இரண்டுக்கும் ராயல்டி திரட்டித் தரும் சங்கம் ஐ.பி.ஆர்.எஸ்., குரலுக்கு இசாம்ரா (முன்பு இஸ்ரா).

இதில் நமக்கு நல்ல முன்மாதிரி 2022இல் மறைந்த கலைமாமணி, பத்மஸ்ரீ சுப்பு ஆறுமுகம் ஐயா. திருநெல்வேலிப் பக்கம் சத்திரம் புதுக்குளத்திலிருந்து வந்தவர். மேடையோடு நிற்காமல் இராமாயணம், மகாபாரதம் இரண்டையும் வில்லிசை நூல்களாக அச்சில் தந்தார். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தை இன்றைக்கும் அவர் பெயர் சொல்லிப் பாடுகிறோம் என்றால் அதற்கும் அச்சே காரணம். 2018இல் மறைந்த பூங்கனி அம்மாள் போன்ற பெண் அண்ணாவிகளின் கட்டு இன்னும் அச்சேறவேண்டியிருக்கிறது. வரும் ஆண்டு பெண் கலைஞர்களின் பாட்டேடுகளை முதலில் எடுக்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது.

பாட்டேடு தர விரும்புவோர் ஆடிக் கொடைப் பருவம் தொடங்கும் முன் தாருங்கள். பருவத்தில் அண்ணாவிமாருக்கு இரவெல்லாம் மேடை, ஒப்பிட்டுக் கேட்க ஆள் கிடைக்காது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

செயலாளர்