எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊர் வாத்தியார் தர வேண்டிய நான்கு ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 5 நெருங்கினால், ஓய்வுக்குப் பிறகும் சொந்த ஊருக்கு உழைக்கும் ஆசிரியர்களைப் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் இடம்பெறுகின்றன. பள்ளிக்கு பீரோ வாங்கித் தந்தவர், ஏரிக்கரையில் பனைவிதை ஊன்றியவர், நூலகத்துக்கு நாற்காலி கொடுத்தவர் என எல்லோரும் நம் வணக்கத்துக்குரியவர்கள். ஆனால் முப்பது ஆண்டு கரும்பலகை முன் நின்றவர் மட்டுமே நன்றாகச் செய்யக்கூடிய வேலை ஒன்று பெரும்பாலான ஊர்களில் ஆளில்லாமல் கிடக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்வதும், வென்ற பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை அந்தப் பணம் தடையில்லாமல் வருகிறதா என்று கூடவே நின்று பார்ப்பதும்தான் அது. தேர்வுக்குப் பயிற்சி தரப் பலர் முன்வருகிறார்கள். பிறகு வரும் நான்கு ஆண்டுகளைத்தான் கவனிக்க ஆளில்லை.

என்.எம்.எம்.எஸ். எனப்படும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் திட்டம் 2008இல் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிக்கும், பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாத பிள்ளைகள் எழுதலாம். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50 போதும். வென்றால் ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டு. ஆக ஒரு பிள்ளைக்கு 48,000. தமிழகத்துக்கு ஆண்டுதோறும் 6,695 இடங்கள். ஒரு பள்ளியில் ஐந்து பேர் தேறினால் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் அந்த ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு வந்துசேரும். எந்த நன்கொடையாளரிடம் போய் இவ்வளவு கேட்க முடியும்?

தேர்வில் இரண்டு தாள்கள். மனத்திறன் தாளில் 90 வினா, 90 நிமிடம். படிப்பறிவுத் தாளிலும் அதே கணக்கு: அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணிதம் 20. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. இரண்டு தாளும் சேர்த்து 40 விழுக்காடு எடுத்தால் தகுதி. பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 32. தகுதி பெற்றவர் எல்லோருக்கும் பணம் கிடைப்பதில்லை. இட ஒதுக்கீட்டின்படி தரவரிசையில் உள்ளே வர வேண்டும். ஆகவே 72 மதிப்பெண்ணை இலக்காக வைத்துப் பயிற்சி தருவது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும். 120ஐத் தாண்டப் பழக்க வேண்டும்.

படிப்பறிவுத் தாளைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். அங்கே வெளியாள் தலையிட்டால் பணியிலிருக்கும் ஆசிரியருக்கு மனத்தாங்கல்தான் மிஞ்சும். ஓய்வுபெற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டியது மனத்திறன் தாள். அதற்குப் பாடநூல் கிடையாது, பாடவேளையும் கிடையாது. எண் தொடர், எழுத்துக் குறியீடு, திசை, கடிகாரம், நாள்காட்டி, பகடை, ஆடிப் பிம்பம், மறைந்திருக்கும் உருவம் என்று அது முழுக்க வேறு ஓர் உலகம். கடையில் விற்கும் வழிகாட்டி நூலின் விடைகளை மனப்பாடம் செய்யவைப்பதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு. கையில் பொருளைக் கொடுத்தால் அரைமணியில் பிடிபடுவது, விடையைக் கொடுத்தால் அரை ஆண்டானாலும் பிடிபடாது.

திசைக் கணக்கைப் பாருங்கள். "தெற்கு நோக்கி நடந்தவர் வலப்பக்கம் திரும்பினால் எத்திசை?" தாளில் படம் போடும் பிள்ளை தன் வலக்கையை நினைத்துக்கொண்டு கிழக்கு என்று எழுதிவிடும். அந்தப் பிள்ளையை முற்றத்துக்கு அழைத்துப் போய்த் தெற்கு பார்க்க நிற்கவைத்து, வலக்கையை நீட்டச் சொல்லுங்கள். கை மேற்கே மாலைச் சூரியனைக் காட்டும். மறுபடி அந்தத் தவறு வராது. ஆடியில் தெரியும் கடிகாரமும் இப்படித்தான். மெல்லிய தாளில் 3 மணி 40 நிமிடம் காட்டும் கடிகாரம் வரைந்து, தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் முட்கள் 8.20 காட்டும். 11.60இலிருந்து கழிக்கும் சூத்திரத்தை அதற்குப் பிறகு சொன்னால் போதும். பகடைக்குப் பழைய அழைப்பிதழ் அட்டையில் சிலுவை வடிவில் ஆறு கட்டம் வெட்டி மடிக்கவைத்தால், ஒரே வரிசையில் ஒரு கட்டம் விட்டு அடுத்து வருவது எதிர்முகம் என்பதை விரலே கற்றுக்கொள்ளும்.

விடைத்தாள் நிரப்புவது தனிப் பயிற்சி. நன்றாகப் படிக்கும் பிள்ளை தோற்பதற்கு அடிக்கடி காரணமாவது இதுதான். 23ஆம் வினாவை விட்டுவிட்டு 24ஆம் வினாவின் விடையை 23ஆம் வட்டத்தில் கருமையாக்கினால், அதற்குப் பிறகு எல்லா விடையும் ஒரு வரி மேலே ஏறிவிடும். பேனாவால் நிரப்பியதை அழிக்கவும் முடியாது. அதே அளவில் விடைத்தாளை நகலெடுத்து, வாரம் ஒன்று வீதம் நேரம் வைத்து நிரப்பப் பழக்க வேண்டும். பத்து வினாவுக்கு ஒருமுறை வினா எண்ணையும் வட்டத்தின் எண்ணையும் விரல் வைத்து ஒப்பிடுவது பழக்கமாகட்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் விட்டுப்போன வட்டங்கள் அத்தனையையும் நிரப்பச் சொல்லுங்கள்.

கடந்த சில ஆண்டுகளாகத் தேர்வு ஜனவரியிலோ பிப்ரவரியிலோ நடக்கிறது. ஜூலையில் தொடங்கினால் ஆறு மாதம் கிடைக்கும். வாரம் மூன்று நாள், பள்ளி விட்டதும் ஒன்றேகால் மணி நேரம் போதும். ஒருவருக்கு இருபது பிள்ளைக்கு மேல் கூடாது. கூடினால் தவறு செய்த விரலைப் பார்க்க முடியாது. மதியம் சாப்பிட்ட பிள்ளைக்கு நாலரை மணிக்கு வயிறு காய்ந்திருக்கும். ஒரு கிலோ கொண்டைக்கடலையை முதல்நாள் இரவே ஊறவைத்து வேகவைத்தால் இருபது பேருக்கும் ஆளுக்கு ஒரு கிண்ணம் சுண்டல் வரும். வகுப்பில் ஆள் குறையாமல் இருப்பதற்கு இந்தச் சுண்டலைவிடப் பெரிய வழி எதுவும் கிடையாது.

வகுப்பை எங்கே வைப்பது என்பதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கோயில் மண்டபமோ ஒருவர் வீட்டுத் திண்ணையோ வசதியாகத் தோன்றும். ஆனால் ஊரின் எல்லாத் தெருப் பிள்ளையும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய இடமா என்று முதலில் கேளுங்கள். தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு பள்ளியிலோ, ஊர்ப்புற நூலகத்திலோ நடத்துவதே நல்லது. கதவு திறந்திருக்க வேண்டும். பெரியவர் இருவர், அதில் ஒருவர் பெண், எப்போதும் இருக்க வேண்டும். இருட்டும் முன் பெண்பிள்ளைகள் வீடு சேர வேண்டும். எத்தனை மதிப்புள்ள ஆசிரியராக இருந்தாலும் இந்த விதியில் தளர்வு வேண்டாம்.

இனி ஆவணங்கள். விண்ணப்ப அறிவிப்பு வந்த பிறகு வருமானச் சான்றுக்கு ஓடினால் கடைசி நாளில் மாட்டிக்கொள்வீர்கள். ஈ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசை தாண்ட வேண்டும். சான்றுக்கு விண்ணப்பிக்க ஈ-சேவையில் கேட்கும் குடிமக்கள் கணக்கு எண்ணோடு (CAN) முன்பு இணைத்த கைப்பேசி எண் இப்போது யாரிடமும் இல்லை என்று தெரியவந்து திரும்பிப்போகும் குடும்பங்கள் ஏராளம். செப்டம்பர், அக்டோபரிலேயே இதை முடித்துவிட வேண்டும். அப்போதே பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் ஆதாரோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிடுங்கள். தலைப்பெழுத்து பெயருக்கு முன்னா பின்னா என்ற சின்ன வேறுபாடு பின்னால் பணத்தையே நிறுத்திவிடும்.

முடிவு வந்து, பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்ததும் ஊர் ஓய்ந்துவிடுகிறது. உண்மையில் வேலை அங்கேதான் ஆரம்பம். வென்றவர் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிய வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பிள்ளை விண்ணப்பித்தால் மட்டும் போதாது. முதலில் பள்ளியும், பிறகு மாவட்ட அலுவலரும் அதை இணையத்தில் சரிபார்க்க வேண்டும். நடுநிலைப் பள்ளியில் எட்டு முடித்து வேறு ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைதான் இங்கே விழும். பழைய பள்ளிக்குப் பொறுப்பில்லை. புதிய பள்ளிக்கு இந்தப் பிள்ளை வென்றது தெரியாது. ஜூன் முதல் வாரத்திலேயே தேர்ச்சிப் பட்டியல் நகலோடு புதிய தலைமையாசிரியரை ஒருமுறை பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

நிபந்தனைகளைப் பெற்றோருக்கு எழுதியே கொடுங்கள். எட்டாம் வகுப்பு இறுதியில் 55 விழுக்காடு வேண்டும். ஒன்பதிலும் பதினொன்றிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு. பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு இந்த 55உம் 60உம் ஐந்தைந்து குறையும். இடையில் தனியார் பள்ளிக்கு மாறினால் உதவித்தொகை நின்றுவிடும். பத்தாவதில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையைச் சலுகைக் கட்டணம் என்று தனியார் பள்ளி அழைக்கும்போது, எஞ்சிய 24,000 ரூபாய் போய்விடும் என்பதைப் பெற்றோரிடம் சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும். முடிவு அவர்களுடையது, கணக்கு தெரிந்து முடிவெடுக்கட்டும்.

வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதார் இணைப்போடு உயிருள்ளதாக இருக்க வேண்டும். அடிக்கடி நேரும் ஒரு குழப்பத்தைச் சொல்கிறோம். பணம் வரவில்லை என்று பாஸ்புத்தகத்தோடு வந்து நிற்பார்கள். இணையதளத்தில் பார்த்தால் பணம் அனுப்பப்பட்டதாகவே இருக்கும். விசாரித்தால், இடையில் வேறு ஏதோ திட்டத்துக்காக இன்னொரு வங்கியில் கணக்கு தொடங்கியிருப்பார்கள். ஆதார்வழிப் பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். இன்னொன்று, ஆதாரில் 15 வயதில் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிப்பது கட்டாயம். பத்தாம் வகுப்புப் படிக்கும் வயது அது. 17 வயதுக்குள் செய்தால் கட்டணமில்லை. தேர்வுப் பரபரப்பில் இதை மறந்துவிடுவார்கள். பொதுத்தேர்வுக்கு முன் வரும் அரையாண்டு விடுமுறை இதற்கு வசதி.

இதற்கெல்லாம் தேவையான கருவி ஒரு நீளமான குறிப்பேடு, அவ்வளவுதான். பிள்ளைக்கு ஒரு பக்கம். அதில் நான்கு ஆண்டுக்கு நான்கு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் விண்ணப்பித்த தேதி, பள்ளி சரிபார்த்த தேதி, மாவட்டம் சரிபார்த்த தேதி, பணம் ஏறிய தேதி. காலியாக நிற்கும் இடம் எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று தானே சொல்லும். ஆதார் நகலோ பாஸ்புத்தகமோ வாத்தியார் கையில் தங்கக் கூடாது. கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணைக் கேட்கவே கூடாது. அதைப் பெற்றோரே தங்கள் கையால் தட்டட்டும். இந்தக் குறிப்பேட்டை வேறு யாராலும் படித்துத் தொடர முடியும்படி வைத்திருப்பது மிக முக்கியம். ஒருவர் நினைவில் மட்டும் நடக்கும் தொண்டு அவர் படுக்கையில் விழுந்த மாதமே நின்றுபோகிறது. நடுவில் சிக்கிய பிள்ளைகள் கேட்பாரற்றுப் போகிறார்கள். முன்பு உதவித்தொகை வாங்கி இப்போது கல்லூரியில் படிப்பவர் ஒருவரைத் தொடக்கத்திலிருந்தே பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வது நல்லது.

தேர்வில் வெல்லாத பிள்ளையை அத்தோடு விட்டுவிட வேண்டாம். ஒன்பதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. பதினொன்றில் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது. அதில் தேர்ந்தெடுக்கப்படும் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டு. மனத்திறன் பயிற்சியோ போட்டிப் பழக்கமோ வீண் போகாது.

எட்டயபுரத்தில் 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது, அது ஊரார் தந்த அரிசியிலும் பருப்பிலும் நடந்தது. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோதும் தெருத்தெருவாகப் போனவர்களில் ஆசிரியர்கள் இருந்தார்கள். இன்று ஓய்வூதியம் பெறும் தலைமுறை அந்த மரபில் வந்தது.

தங்கள் நாளிதழுக்கு இரண்டு வேண்டுகோள். என்.எம்.எம்.எஸ். விண்ணப்ப அறிவிப்பைப் போலவே, உதவித்தொகையைப் புதுப்பிக்கும் கடைசித் தேதியையும் மாவட்டப் பக்கத்தில் பெட்டிச் செய்தியாக, குறைந்தது இரண்டு முறை, வெளியிட வேண்டும். தேர்ச்சிச் செய்தி வெளியிடும்போது மாணவர் படத்துக்குக் கீழே புதுப்பித்தல் பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டும். கல்வித் துறைக்கும் ஒரு வேண்டுகோள்: எட்டாம் வகுப்பில் வென்று பள்ளி மாறிய பிள்ளைகளின் பட்டியலை ஜூன் மாதமே புதிய பள்ளிகளுக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர்,
மன்னார்குடி வட்டாரம்.