ஹோர்ட்டாவுக்குப் பதினோராம் இடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் முதல் சீசனில் உள்ள 29 அத்தியாயங்களையும் தரவரிசைப்படுத்தித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1966 செப்டம்பர் 8 தொடங்கி 1967 ஏப்ரல் 13 வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பான அறிவியல் புனைகதைத் தொடர் ஒன்றுக்குத் தமிழ் நாளிதழ் இவ்வளவு இடம் கொடுத்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அந்த வரிசையில், ஹோர்ட்டா என்ற விசித்திர உயிர் வரும் 'த டெவில் இன் த டார்க்' என்ற அத்தியாயத்தைப் பதினோராம் இடத்திலும், 'அரீனா'வைப் பதினேழாம் இடத்திலும் கண்டபோது, இதற்கு மறுப்பு எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

நான் கம்பத்தில் வசிப்பவன். எல்லைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டம் ஒன்றில் கணக்குப்பிள்ளையாக வேலை செய்கிறேன். காலையில் தொழிலாளர்களோடு ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, மாலையில் இறங்குவது பல ஆண்டு வழக்கம். பள்ளிப் பருவத்தில் தூரதர்ஷனில் இத்தொடரைப் பார்த்தபோது ஆங்கில வசனம் பாதிதான் புரிந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகளோடு சென்ற ஆண்டு 29 அத்தியாயங்களையும் முதலிலிருந்து மறுபடி பார்த்தேன். ஆகவே இது பழைய நினைவை மட்டும் நம்பி எழுதும் கடிதம் அன்று.

கட்டுரையாளர் எந்த அளவுகோலைக் கொண்டு வரிசைப்படுத்தினார் என்பதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் 'ஸ்பேஸ் சீட்' இரண்டாம் இடம் பெற்றிருப்பதைப் பார்த்தால், ஓர் அத்தியாயம் பின்னாளில் அடைந்த புகழையே அவர் அளவுகோலாகக் கொண்டார் என்று தோன்றுகிறது. அதில் வில்லனாக வரும் கான் நூனியன் சிங் என்ற பாத்திரம் 1982இல் வந்த திரைப்படத்தில் மீண்டும் தோன்றியதால்தான் இன்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கானாக வரும் ரிக்கார்டோ மொன்டல்பானின் நடிப்பு கம்பீரமானது என்பதில் ஐயமில்லை. எனினும் 1967 பிப்ரவரி 16 அன்று ஒளிபரப்பான அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள்: வட இந்தியாவைச் சேர்ந்த சீக்கியராக இருக்கக்கூடும் என்று ஒரே வரியில் அறிமுகப்படுத்தப்படும் அந்த மனிதனைப் பார்த்த மாத்திரத்தில், கதை நிகழும் விண்கப்பலின் வரலாற்று அலுவலரான பெண் தன் கடமையை மறந்துவிடுகிறாள், கதையின் பாரம் முழுவதும் அந்த நம்ப முடியாத மயக்கத்தின்மேல் நிற்கிறது. என் வரிசையில் இதற்கு எட்டாம் இடத்துக்கு மேல் இல்லை.

முதலிடம் பெற்ற 'த சிட்டி ஆன் த எட்ஜ் ஆஃப் ஃபார் எவர்' பற்றி எனக்கும் என் மகளுக்கும் நீண்ட வாக்குவாதம் நடந்தது. அவளும் கட்டுரையாளர் கட்சிதான். கதை மாந்தர்கள் காலத்தில் பின்னோக்கிச் சென்று சேரும் 1930ஆம் ஆண்டின் நியூயார்க்கில், வேலையற்றோருக்குக் கஞ்சி ஊற்றும் எடித் கீலர் என்ற பெண் சாலை விபத்தில் இறந்தாக வேண்டும். அவள் பிழைத்தால் அவளுடைய அமைதி இயக்கம் வளர்ந்து, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவது தள்ளிப்போய், ஜெர்மனி வென்றுவிடும். அவளை நேசிக்கும் விண்கப்பலின் கேப்டன் கிர்க், அவளைக் காப்பாற்ற ஓடும் மருத்துவர் மெக்காயைத் தன் கையாலேயே பிடித்து நிறுத்துகிறார். அந்தக் காட்சியில் நான் இரண்டு முறையும் கண்கலங்கினேன். 1968இல் இதற்கு ஹியூகோ விருது கிடைத்தது முற்றிலும் தகும். என்றாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கிர்க் எடுக்கும் முடிவு கொடியதாக இருந்தாலும், விளைவு என்ன என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். வேற்றுக்கோள் இனத்தைச் சேர்ந்த அவருடைய துணை அதிகாரி ஸ்பாக் தன் கருவியில் இரண்டு எதிர்காலங்களையும் பார்த்துச் சொல்லிவிடுகிறார். நம்மில் எவருக்கும் அப்படிப்பட்ட கருவி கிடைப்பதில்லை. எதுவும் தெரியாத நிலையில், கையில் துப்பாக்கியோடு நிற்கும் மனிதன் என்ன செய்வான் என்று கேட்கும் அத்தியாயமே இதைவிடக் கடினமான கேள்வியைக் கேட்கிறது என்பது என் துணிபு.

அந்த அத்தியாயம்தான் 1967 மார்ச் 9 அன்று ஒளிபரப்பான 'த டெவில் இன் த டார்க்'. ஜேனஸ் 6 என்ற கோளின் சுரங்கத்தில் இனந்தெரியாத உயிர் ஒன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கொன்றுவிட்டது. பாறையைக் கரைத்துக்கொண்டு ஊர்ந்து செல்லும் அந்த உயிரின் பெயர் ஹோர்ட்டா. நம் உடல் கரிமத்தால் ஆனது போல அதன் உடல் சிலிக்கானால் ஆனது. சுரங்கத்தின் புதிய தளத்தைத் திறந்தபோது ஆயிரக்கணக்கில் கிடைத்த உருண்டைகளைப் பயனற்ற சிலிக்கான் கட்டிகள் என்று எண்ணித் தொழிலாளர்கள் உடைத்தெறிந்தார்கள். நிர்வாகியின் மேசைமேல் ஓர் உருண்டை அலங்காரப் பொருளாகக் கிடக்கிறது. அவை அத்தனையும் முட்டைகள். 50,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த இனம் முழுவதும் மடிந்து, முட்டைகளைக் காக்க ஒரே ஒரு ஹோர்ட்டா மட்டும் எஞ்சி நிற்கும். சுரங்கத்தில் நடந்த கொலைகள் அனைத்தும் அந்தத் தாய் செய்தவை.

கட்டுரையாளர் இதை "விரிப்பு போர்த்திய பூதத்தின் கதை" என்று ஒரு வரியில் கடந்துவிட்டார். உடையின் ஏழ்மையை நான் மறுக்கவில்லை; யானோஸ் புரோஹாஸ்கா என்ற கலைஞர் அதனுள் தவழ்ந்து நடித்தார். ஆனால் அந்த உடைக்கு உள்ளே இருந்து எழும் வேதனையை அவர் எவ்வளவு உணர்த்தினார் என்பதையும் எழுதியிருக்க வேண்டாமா? கதையின் அமைப்பைப் பாருங்கள். முதலில், இது இனத்தின் கடைசி உயிராக இருக்கலாம், கொல்ல வேண்டாம் என்று வாதிடுபவர் ஸ்பாக். கொல்லச் சொல்லி ஆணையிடுபவர் கிர்க். பின்னர்ச் சுரங்கம் இடிந்து, கிர்க் அந்த உயிருக்கு எதிரே தனியாக மாட்டிக்கொள்ளும்போது, நண்பனின் உயிர் போய்விடுமோ என்று பதறி "கொன்றுவிடுங்கள்" என்று கத்துபவர் ஸ்பாக். துப்பாக்கியைத் தாழ்த்துபவர் கிர்க். இரு மனிதர்களும் தத்தம் நிலையிலிருந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள், அதை யாரும் வசனம் பேசி விளக்குவதில்லை. இவ்வளவு நேர்த்தியான திருப்பம் இந்த சீசனில் வேறெங்கும் இல்லை.

ஹோர்ட்டா பாறையில் எழுதும் வாசகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பாக்கின் மனத்தொடர்பால் ஆங்கிலத்தைப் பாதி கற்றுக்கொண்ட அது, 'நோ கில் ஐ' என்று எரித்து எழுதுகிறது. என்னைக் கொல்லாதீர்கள் என்ற கெஞ்சலா, நான் கொல்ல மாட்டேன் என்ற வாக்குறுதியா என்று கிர்க் திகைக்கிறார். தமிழில் இதை மொழிபெயர்க்கவே முடியாது என்று என் மகள் சொன்னாள். 'கொல்லேன்' என்றால் சொல்பவர் யார் என்பதை விகுதியே காட்டிவிடும். 'கொல்லாதே' என்றால் கேட்பவர் யார் என்பது விளங்கிவிடும். மலையாளத்தில் அப்படியன்று. 'கொல்லில்ல' என்று நின்றுவிட்டால் நானா, நீயா, அவனா என்பதை வினை சொல்லாது. தோட்டத்தில் தமிழையும் மலையாளத்தையும் பாதிப்பாதி கலந்து பேசியே பிழைப்பு நடத்தும் எங்களுக்கு, குறைமொழியில் எழுதப்பட்ட ஒரு வாக்கியம் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகிவிடுவது வியப்பாகத் தோன்றவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த அத்தியாயம் தொழிலாளர்களை வில்லன்களாக்கவில்லை. உடன் வேலை செய்தவன் கருகிக் கிடப்பதைப் பார்த்தவர்கள் தடியோடு திரள்வதை அது நியாயமான கோபமாகவே காட்டுகிறது. 2023ஆம் ஆண்டு மே 27 அன்று அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகர வீதிகளில் ஓடியபோது நான் ஊரில் இருந்தேன். ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றதால் அந்தப் பெயர் பெற்ற யானை அது. ஏப்ரல் இறுதியில் சின்னக்கானலில் மயக்க ஊசி செலுத்திப் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது மலையிறங்கி எங்கள் ஊருக்குள் வந்தது. அது வந்தபோது காயமடைந்த ஒருவர் பின்னர் இறந்தார். தடையுத்தரவு போட்டார்கள், ஜூன் 5 அன்று அதை மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாட்களில் எங்கள் தெருவில் யானையைச் சபித்தவர்களும் இருந்தார்கள், யானை நடமாடிய நிலத்தில் மனிதர்களைக் குடியமர்த்தியது யார் குற்றம் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். பல நேரம் இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொன்னார். ஐம்பது நிமிடக் கதை ஒன்று அந்த இரண்டு குரலுக்கும் இடம் கொடுத்திருக்கிறதே என்பதற்காகவே அதை முதலிடத்தில் வைக்கிறேன்.

இரண்டாம் இடம் 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' (1966 டிசம்பர் 15) அத்தியாயத்துக்கு உரியது. தாங்கள் நான்காம் இடம் கொடுத்திருக்கிறீர்கள். எல்லைக் காவல் நிலையங்களை ரோமுலன் என்ற எதிரி இனத்தின் கப்பல் ஒன்று தகர்க்கிறது. நூறாண்டுகளுக்கு முன் நடந்த போரில் எதிரியின் முகத்தை எவரும் பார்த்ததில்லை. முதன்முதலாகத் திரையில் அந்த முகம் தெரியும்போது, அது ஸ்பாக்கின் முகம் போலவே இருக்கிறது. அந்த நொடியிலிருந்து சொந்தக் கப்பலின் அலுவலர் ஒருவரே ஸ்பாக்கை ஒற்றனாகப் பார்க்கத் தொடங்குகிறார். கட்டுரையாளர் இதை நீர்மூழ்கிக் கப்பல் சண்டையின் விண்வெளி வடிவம் என்று பாராட்டினார். அது உண்மையே. ஆனால் 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றத்தில் குமுளிப் பாதை அடைபட்டு, வாரக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு, அந்தச் சந்தேகப் பார்வைதான் கதையின் மையமாகத் தெரிகிறது. பேச்சு வழக்கை வைத்தே ஆளைப் பிரித்த நாட்கள் அவை. ரோமுலன் தளபதியாக நடித்த மார்க் லெனார்டு, தோற்றபின் கிர்க்கிடம் வேறொரு சூழலில் நாம் நண்பர்களாக இருந்திருக்கலாம் என்று சொல்லும்போது, அந்தக் குரலில் ஆணவமோ அழுகையோ இல்லை.

'சிட்டி' மூன்றாவது. நான்காம் ஐந்தாம் இடங்களை 'அரீனா'வுக்கும் 'எரண்ட் ஆஃப் மெர்சி'க்கும் கொடுப்பேன். 'அரீனா'வில் வரும் பல்லி மனிதனின் ரப்பர் உடையைக் கண்டு கட்டுரையாளர் சிரித்திருக்கிறார். நாங்கள் படையெடுக்கவில்லை, நீங்கள்தான் எங்கள் எல்லைக்குள் வந்து குடியேறினீர்கள் என்று அந்த உயிர் சொல்லும் வாதத்தை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. 'த டெவில் இன் த டார்க்', 'அரீனா', 'எரண்ட் ஆஃப் மெர்சி' ஆகிய மூன்றையும் எழுதியவர் ஜீன் எல். கூன். சீசனின் நடுவில் தயாரிப்பாளராக வந்து சேர்ந்தவர். மரைன் படையில் பணியாற்றியவர். 'ஸ்பேஸ் சீட்' எழுத்திலும் அவருக்குப் பங்குண்டு என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் பெயர் கட்டுரையில் பலமுறை வருகிறது. கூன் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. இது பெருங்குறை.

தாங்கள் ஆறாம் இடம் கொடுத்த 'த மேன் ட்ராப்' எனக்குப் பதினெட்டாவது. முதன்முதலாக ஒளிபரப்பானது என்ற பெருமை அதற்கு இருக்கிறது. உப்புக்காக மனிதர்களைக் கொல்லும், தன் இனத்தின் கடைசி உயிர் ஒன்று. அமெரிக்காவில் அழிந்த எருமை மந்தைகளோடு அதை ஒப்பிட்டுப் பேசும் ஒரு மனிதர். அவ்வளவும் தெரிந்தும் இறுதியில் மெக்காய் அதைச் சுட்டுக் கொல்கிறார், கிர்க் வருந்துகிறார். சரியாக ஆறு மாதமும் ஒரு நாளும் கழித்து, மீண்டும் ஓர் இனத்தின் கடைசி உயிரின் முன் அதே கிர்க் நிற்கிறார், சுடவில்லை. ஒரு சீசனை ஒரு சீசனாக மதிப்பிடுகிறோம் என்றால், இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் எப்படி வரிசைப்படுத்துவது?

மற்றவற்றைப் பற்றிப் பெரிய பூசல் இல்லை. 'த மெனாஜரி' இரண்டு பாகங்களும், என்.பி.சி. நிராகரித்த முதல் முன்னோட்டப் படத்தை (பைலட்) உள்ளே பொதிந்து தைத்த கதை. தையல் நன்று, பத்துக்குள் வைக்கலாம். 'தி ஆல்டர்னேட்டிவ் ஃபேக்டர்' கடைசி இடத்தில் இருப்பது மிகச் சரி. ஒரு திருத்தம் மட்டும் அவசியம்: 'வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்' அத்தியாயத்தில் சீருடை மாறியிருப்பதையும், மெக்காய் இல்லாததையும், ஸ்பாக் குரலை உயர்த்திப் பேசுவதையும் கவனக்குறைவு என்று கட்டுரை குறிப்பிடுகிறது. அது 1965இல் எடுக்கப்பட்ட இரண்டாவது முன்னோட்டம். 1966 செப்டம்பர் 22 அன்று மூன்றாவதாக ஒளிபரப்பியதால் வந்த முரண் அது. அந்தக் காரணத்துக்காகக் கழித்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தால், இருபத்து மூன்றிலிருந்து அது எளிதாகப் பன்னிரண்டுக்கு ஏறிவிடும்.

26 அத்தியாயங்கள் கொண்ட இரண்டாம் சீசனின் வரிசையும் வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஒவ்வோர் இடத்துக்கும் அளவுகோல் என்ன என்பதைக் கட்டுரையாளர் முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும் என்றும், எழுதியவர்களின் பெயர்களையும் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். என் மகளின் மாற்று வரிசையைத் தனித்தாளில் இத்துடன் இணைத்துள்ளேன். அதில் 'சிட்டி' முதலிடத்திலும் ஹோர்ட்டா இரண்டாம் இடத்திலும் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கம்பம், தேனி மாவட்டம்.