படலையடியில் சைக்கிளை நிறுத்திய தம்பிக்கு

நேற்றுக் காலமை எங்கள் நாய் வீமன் அரைக் கோப்பை கஞ்சி குடித்தான். எட்டு நாளைக்குப் பிறகு. குடித்ததைச் சத்தியெடுக்கவும் இல்லை. அம்மா அடுப்படியில் நின்றபடியே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. அந்த ஆறுதல் நெஞ்சில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

நடந்ததை விசுவமடுப் பக்கத்து ஆட்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. நஞ்சு கலந்த அந்த நாய்ச் சாப்பாட்டுச் சாக்கையும் தெரியும், அதைக் கொம்பனி திருப்பிக் கேட்ட கதையும் தெரியும், செத்த நாய்களுக்கு எந்தெந்த வளவில் கிடங்கு வெட்டினார்கள் என்பதும் தெரியும். நான் சொல்ல வந்தது ஒரு தம்பியைப் பற்றி. பேரைப் போட வேண்டாம் என்று கேட்டதால் போடவில்லை.

தம்பி, அன்றைக்குப் பின்னேரம் நல்ல மாரி மழை. நான் விறாந்தையில் இருந்து அந்த உருண்டைகளைப் பாலில் ஊறவைத்து, விரலால் நசித்து, வீமனின் கடைவாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாகத் தானாகச் சாப்பிடவில்லை. உண்ணிக் காய்ச்சலாக்கும், எதையாவது உள்ளே இறக்கினால் தேறிவிடுவான் என்று நினைத்தேன். நஞ்சை என்னுடைய கையாலேயே ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இதை எழுதாமல் விட என்னால் முடியவில்லை.

படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. கடையில் சாமான் நிறுத்துத் தருகிற பெடியன் என்று முகம் மட்டும்தான் பழக்கம். நீ உள்ளே வராமலே கேட்டாய்.

“அக்கா, வீமன் எங்கை? ஏன் குரைக்கேல்லை?”

அரிசி கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் உன்னைப் படலையிலிருந்து விரட்டுகிறவன் அவன். அன்றைக்குச் சத்தமே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை, உனக்கு உறைத்தது. பிறகுதான் சொன்னாய்: “அந்தச் சாப்பாட்டை இனி வையாதேங்கோ. கொம்பனி திருப்பிக் கேட்டிருக்கு. மிச்சம் கிடந்தாத் தாங்கோ, நான் கொண்டு போறன்.”

இலக்கம் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள் என்று அறிவித்தார்களாம். நாங்கள் வாங்கியது சீனி, பருப்போடு சேர்த்துச் சொப்பிங் பையில் முடிச்சுப் போட்டு இரண்டு கிலோ. அந்தப் பையில் ஏது இலக்கம்? கனடாவில் இருக்கிற சித்தியின் மகள் 2007 இல் பட்ட பாட்டைச் சொன்னாள். கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்து, நாய் பூனைகளின் சிறுநீரகம் பழுதாகி, வட அமெரிக்கா முழுவதிலும் 6 கோடிக்கு மேற்பட்ட பேணிகளையும் பொதிகளையும் திருப்பி எடுத்தார்கள். அவளும் இரவிரவாக நிலத்தில் இருந்து, ஒவ்வொரு பேணியாகத் திருப்பி அடியில் உள்ள இலக்கத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தாளாம். எங்களுக்கு அப்படிப் பார்க்கவும் ஒன்றுமில்லை. சாக்கைப் பிரித்துக் கிலோக் கணக்கில் விற்ற பிறகு அது யார் யார் வீட்டுக்குப் போனது என்று கொம்பனிக்கும் தெரியாது, அரசாங்கத்துக்கும் தெரியாது. நிறுத்துக் கொடுத்த உனக்கு மட்டும்தான் தெரியும்.

கடனுக்கு வாங்கினவர்களைக் கடைக் கொப்பியில் பார்த்திருப்பாய். காசுக்கு வாங்கினவர்களை எப்படிப் பிடித்தாய் என்று கேட்டேன். பொலித்தீனில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்த தாளை எடுத்துக் காட்டினாய். பதினாலு வரி. நீலப் பேனை மழை ஈரத்தில் ஊறியிருந்தது. ஆட்களின் பேர் பாதிக்கு இல்லை.

“வேப்பமரத்தடி ஆச்சி, வாலில்லாத பெட்டை, 1 கிலோ.”

“வாய்க்கால் கரை ஓட்டோ அண்ணை, மூண்டு குட்டி, அரைக் கிலோ.”

“பள்ளிக்கூடத்துப் பின்வீடு, நொண்டி நாய், 1 கிலோ.”

“வீமன், 2 கிலோ.”

எங்கள் வீட்டுக்கு அந்தத் தாளில் வேறு பேரே இல்லை. ஒன்பது வரிக்கு முன்னால் சரி போட்டிருந்தது. அதில் இரண்டை முழுதாகக் குறுக்கே வெட்டியிருந்தாய். அது என்ன என்று கேட்டதும் நீ நிலத்தைப் பார்த்தாய்.

வீமனைத் தூக்க நான் பட்ட பாட்டைக் கண்டு நீதான் அந்த ஓட்டோ அண்ணையை அழைத்துவந்தாய். உன் மழைக்கோட்டைக் கழற்றி அவனைப் போர்த்தினாய். சாக்கின் வாயில் தைத்திருந்த, இலக்கம் அச்சடித்த துண்டைக் கத்தியால் வெட்டி வைத்திருந்தாய், அதையும் என் கையில் தந்தாய். “டொக்டர் கேட்டாலும் கேப்பார்” என்றாய். பிறகு நனைந்துகொண்டே மிச்ச வீடுகளுக்கு மிதித்துப் போனாய். கடையில் யாராவது போகச் சொன்னார்களா என்று அடுத்த நாள் விசாரித்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

மிருக வைத்தியர் அந்தத் துண்டைப் பார்த்தார். வீமனின் உதட்டை விலக்கி முரசைக் காட்டினார். மஞ்சள் கரைத்து ஊற்றின மாதிரி இருந்தது. ஈரலைப் பிடிக்கிற பூஞ்சண நஞ்சாகத்தான் இருக்க வேண்டும், அஃப்ளாடொக்சின் என்றார். சோளத்திலும் கச்சானிலும் ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்தால் உண்டாவது. மழையில் நனைந்த கச்சானைக் காயவிடாமல் கட்டி வைக்கக்கூடாது என்பது எங்கள் தோட்டக்காரருக்குத் தெரிந்த விடயம்தான், ஆனால் அரைத்து உருண்டையாக்கி வருவதில் எந்தக் கண்ணால் பார்ப்பது? 2020 மார்கழியில் அமெரிக்காவில் இதே நஞ்சு கலந்த நாய்ச் சாப்பாட்டைத் திருப்பி எடுக்கத் தொடங்கினார்கள், அதைச் சாப்பிட்டு நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் செத்ததாகப் பிறகு அறிவித்தார்கள். முறிப்பு மருந்து இல்லை. சேலைன் ஏற்றலாம், ஈரல் பழுதானால் இரத்தம் உறையாது என்பதால் விற்றமின் கே ஊசி போடலாம், பிறகு காத்திருக்க வேண்டியதுதான். இன்னும் இரண்டு நாள் ஊட்டியிருந்தால் கொண்டு வந்தும் பயனில்லை என்றார் டொக்டர். ஊட்டுவதை நிறுத்தியது நீ.

மிச்சத்தை அவித்துக் கோழிக்குப் போடலாமோ என்று அம்மா கேட்டா. எங்கள் வீடுகளில் சாப்பாட்டை எறிந்து பழக்கமில்லை. அவித்தாலும் இந்த நஞ்சு போகாது. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகுதான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள், அதுவும் கச்சான் பிண்ணாக்கில். மாட்டுக்கு வைத்தால் பாலில் வரும். யாரிடமாவது இன்னும் மிச்சம் இருந்தால் தயவுசெய்து கோழிக்கும் மாட்டுக்கும் வையாதேங்கோ.

நேரம் பாராமல் கதவைத் திறந்த டொக்டருக்கும், சேலைன் போத்தலை இரண்டு மணித்தியாலம் கையில் பிடித்து நின்ற பக்கத்து வீட்டு மாமாவுக்கும், தன்னுடைய குட்டிகளை வீட்டில் விட்டுவிட்டு வந்து ஒரு சதமும் வாங்காமல் போன ஓட்டோ அண்ணைக்கும், கனடாவிலிருந்து இரவிரவாகக் கதைத்துத் தைரியம் சொன்ன தங்கச்சிக்கும், செத்த தன் நாயை மூடிவிட்டு வந்து வீமனைத் தடவிக் கொடுத்த வேப்பமரத்தடி ஆச்சிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆச்சி, உங்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு அம்மாவும் நானும் வருகிறோம்.

மனிசரே சாகிற இடத்தில் நாய்க்கு இவ்வளவோ என்று ஒருவர் கேட்டார். கோபித்துக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். 2009 தை மாதம் நாங்கள் இங்கிருந்து உடையார்கட்டுப் பக்கம் வெளிக்கிட்டபோது அம்மா நாயின் சங்கிலியை அவிழ்த்துவிட்டா. அது றோட்டு வரைக்கும் வந்தது. பிறகு ஷெல் சத்தத்துக்குத் திரும்பி வீட்டுப் பக்கம் ஓடியது. மீள்குடியேற வந்தபோது வீடும் இல்லை, நாயும் இல்லை. கிணற்றுக்கட்டில் சங்கிலி மட்டும் துருப்பிடித்துக் கிடந்தது. அம்மா அதை இன்னும் எறியவில்லை. அப்படிக் கேட்டவருக்கு நான் சொல்ல நினைத்த பதில் அதுதான், அந்த நேரம் வாய் வரவில்லை.

இனி எதை நிறுத்து வாங்கினாலும் சாக்கில் உள்ள இலக்கத்தையும் திகதியையும் கேட்டு எழுதி வைப்பேன். இந்த ஒழுங்கையில் யார் வீட்டில் என்ன நாய், என்ன பூனை என்று உன்னைப் போல ஒரு தாளில் எழுதத் தொடங்கிவிட்டேன். இருபத்திரண்டு வந்திருக்கிறது.

தம்பி, உன் மழைக்கோட்டைத் தோய்த்து விறாந்தையில் காயப்போட்டிருக்கிறோம். மழை விடவில்லை, உனக்குத் தேவைப்படும். வந்து எடு. இன்றைக்கு விடிய மீன்காரரைப் பார்த்து வீமன் இரண்டு தரம் குரைத்தான். படலையை நான் வந்து திறக்கிறேன், அதுவரை வெளியில் நில்.