பழவேற்காடு பாலத்தில் எங்களோடு நின்றவர்களுக்கு

வணக்கம். அன்று யாருடைய பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளாமல் வந்துவிட்டேன். அதனால்தான் இப்படி ஊரறிய எழுத வேண்டியிருக்கிறது.

நாங்கள் ஆரம்பாக்கத்துக்காரர்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு நானும் என் பதினொரு வயது மகனும் தூண்டிலோடு பழவேற்காட்டுக்கு வந்துவிடுவோம். கெளுத்தி ஒன்று மாட்டினாலே எங்களுக்குத் திருவிழா. அன்று விடிவதற்குள்ளேயே பாலத்துச் சுவர் நெடுக ஆட்கள். அதில் ஐந்து பேர் காரைப் பாலத்திலேயே நிறுத்தி, பாட்டை அலறவிட்டு, ஆளுக்கு மூன்று ராடு சாய்த்து வைத்திருந்தார்கள். அடுத்தவர் தூண்டில் நரம்பின் மேலேயே வீசுவார்கள். சிக்கினால் அடுத்தவர் நரம்பைத்தான் அறுப்பார்கள். என்னுடையது இரண்டு முறை போனது. கேட்டதற்கு, "பாலம் உங்க அப்பன் வீட்டுதா?" நானும் பதிலுக்கு ஒன்று சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது. அப்புறம் அவர்களில் ஒரு தம்பி பின்னால் பார்க்காமல் ராடை ஓங்க, தூண்டில் முள் என் பையனின் காதுச் சோணையில் ஏறிவிட்டது.

பிடித்து இழுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டவர் ஆந்திராவின் தடாவிலிருந்து வந்திருந்த ஒரு தெலுங்குக்காரர். பழவேற்காடு ஏரியில் பெரும்பங்கு அவர்கள் மாநிலத்தில்தானே, இங்கே வருவானேன் என்று அதுவரை அவரைப் பற்றியும் மனசுக்குள் முனகிக்கொண்டிருந்தேன். "கொஞ்செம் ஆகண்டி அன்னா" என்று நரம்பை மட்டும் வெட்டிவிட்டு, முள் நுனியில் பின்பக்கம் பார்த்திருக்கும் கொக்கி வந்த வழியே திரும்பினால் சதையைக் கிழிக்கும் என்று விரலை வளைத்துக் காட்டினார். ஆஸ்பத்திரிக்குத் தன் வண்டியில் கூட்டிப்போனவரும் அவரே. அங்கே டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டு, நுனியைத் தோலுக்கு வெளியே தள்ளி, கொக்கியை நறுக்கிவிட்டு மீதியை உருவினார். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பையன் அழுதது டிடி என்கிற டெட்டனஸ் தடுப்பூசிக்குத்தான்.

தூண்டிலை எடுக்கத் திரும்பி வந்தால் பாலமே வேறு மாதிரி இருந்தது. குப்பத்துப் பெரியவர் ஒருவர் செங்கல் துண்டால் சுவரில் இரண்டு பாகத்துக்கு (இரண்டு ஆள் கை விரித்த அகலம்) ஒரு கோடு போட்டுக்கொண்டு போகிறார். கோட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு ராடு. "இறால் ஏறுற எடத்துல இன்னைக்கு யாரு வலை, நாளைக்கு யாரு வலைன்னு எங்களுக்குப் பாடு இருக்கு. தண்ணிக்கே முறை வெச்சிருக்கோம், உங்க குச்சிக்கு வெக்க முடியாதா?" என்று அந்த ஐந்து பேரிடம் கேட்டார். (அந்தப் பாடு முறையில் இடமே இல்லாதவர்களின் குறை வேறு கதை.) மூன்று பேர் முணுமுணுத்தபடி காருக்குப் போனார்கள், இரண்டு பேர் கோட்டுக்கு வந்தார்கள். முள் வீசிய தம்பி என் மகனுக்கு ஒரு மாம்பழ ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு முகம் பார்க்காமல் நகர்ந்தார். அவரை இந்த மடலில் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னும் யோசனைதான்.

கடைசியாக, பறியை, அதாவது பிடித்ததைப் போடும் கூடையை, பல்லில் கடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைத் துழாவி இறால் பிடித்த அக்கா. கரையேறி வந்து ஒரு கை நிறைய நரம்புச் சிக்கலைச் சுவர் மேல் வைத்தார். உள்ளே நான்கைந்து முட்கள். "இறாலுன்னு தொட்டேன்" என்று விரலைக் காட்டினார். ஒரு முள்ளில் சிவப்பு நூல் கட்டு. அந்தப் பாலத்தில் அப்படிக் கட்டுவது நான்தான். முள் துருப்பிடித்திருந்தது, அன்றைக்கு அறுபட்டதில்லை. அக்கா யாருடையது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

விரல் ஆறிவிட்டதா அக்கா? வருகிற ஞாயிறு வருகிறேன், அறுந்த நரம்பைப் போட ஒரு டப்பாவோடு. பையனும் வருவான். காதில் ஓட்டை விழுந்ததுதான் விழுந்தது, ஒரு கடுக்கன் போட்டுக்கொள்கிறேன் என்று அவன் அம்மாவிடம் நச்சரித்துக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஆரம்பாக்கத்திலிருந்து, அந்தப் பையனின் அப்பா