வசந்திக்கு, அந்த நாலாவது திருகைப் பற்றி

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஊன்றுகோல் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. முழங்கால் வலியோடு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் சுகம். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்து ஆறு வாரம் ஆகிறது. வெள்ளை இவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. இடது கண்ணுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. பெரியவள் புது வேலையில் சேர்ந்துவிட்டாள், இரவில் தாமதமாகத்தான் வருகிறாள், ஆனால் முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது.

இப்போது கேமராவுக்கு வருகிறேன். அப்பாவின் கேமராவில் பேட்டரி கசிந்திருந்தது, அடித்தகட்டைக் கழற்றப் பார்த்தேன், நாலு ஸ்க்ரூவில் மூன்று வந்துவிட்டது, நாலாவது மழுங்கிப்போச்சு என்று எழுதியிருக்கிறாய். கடைசியில், "ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை திருகிப் பார்க்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாயே, அதைப் படித்துவிட்டுத்தான் உடனே பேனாவை எடுத்தேன். வேண்டாம்டி. இதை முழுசாகப் படிக்கும்வரை அதைத் தொடாதே.

நீ வைத்திருந்த படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கூட்டல் குறி மாதிரி இருக்கிற பள்ளத்தின் நாலு கைகளில் இரண்டு வழித்துக்கொண்டு போய்விட்டன. மற்ற இரண்டில் சுவர் பாதியாவது நிற்கிறது. பள்ளத்தின் விளிம்பில் உலோகம் பிசிறாகச் சுருண்டு பளபளக்கிறது பார், அது அத்தனையும் இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. நீ இடப்பக்கம் திருப்பத் திருப்ப, சுவரில் இருந்த இரும்பு இழுபட்டு அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு தடவை வழுக்கினால் இவ்வளவு ஆகாது. ஐந்தாறு தடவையாவது விட்டுவிட்டுத் திருப்பியிருப்பாய். உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. எல்லோர் கையும் அப்படித்தான் போகும். முதல் வழுக்கலில் கொஞ்சம்தான் தேய்கிறது. நெஞ்சு பதறி, இன்னும் வேகமாக, இன்னும் முரட்டுத்தனமாகத் திருப்புகிறோமே, தலை போவது அப்போதுதான்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம். பழுது பார்க்க ஒரு நுண்ணோக்கி வந்தது, மறுநாள் காலையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மேடையைத் தாங்கும் சின்னத் திருகு அசையவில்லை. கையில் கிடைத்த ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினேன். வழுக்கியது. மறுபடி திருகினேன். மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த மூத்தவர் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்து அதை வாங்கி வைத்துவிட்டு, "போய்த் தண்ணி குடிச்சிட்டு வாம்மா" என்றார். திரும்பி வந்தபோது அந்தத் திருகை லென்ஸ் வழியாகக் காட்டினார். நீ அனுப்பிய படத்தில் இருப்பது போலவே ஒரு பக்கம் சாய்ந்த பிசிறு. பிறகு நான் பயன்படுத்திய ஸ்க்ரூடிரைவரின் முனையையும் காட்டினார். அதன் நாலு விளிம்பும் உருண்டு தேய்ந்து கிடந்தன. தேய்ந்த முனை நல்ல தலையையும் தின்றுவிடும் என்று அன்றைக்குப் புரிந்தது. உன்னுடையதையும் வெளிச்சத்தில் வைத்துப் பார். முனை மழுங்கியிருந்தால் இந்த வேலையில் அது வேண்டவே வேண்டாம்.

உன் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாம் ஸ்டார் என்று சொல்கிறோமே, அந்தத் தலை அமெரிக்காவில் ஹென்றி ஃபிலிப்ஸ் என்பவர் பெயரில் 1936-இல் காப்புரிமை பெற்றது. அதற்கு முன் இருந்த ஒற்றைக்கோட்டுத் திருகில், தொழிற்சாலை இயந்திரத்தின் முனை நழுவி ஓரத்துக்குப் போய்விடும். ஃபிலிப்ஸ் தலையில் அது தானாக நடுவில் போய் உட்காரும். கார் தொழிற்சாலைகள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆனால் அதன் சுவர்கள் சரிவாக இருப்பதால், அழுத்திப் பிடிக்காமல் திருப்பினால் முனை அந்தச் சரிவிலேயே ஏறி மேலே வந்துவிடும். உன் அப்பாவின் கேமரா ஜப்பானில் செய்தது. ஜப்பான்காரர்களின் ஜேஐஎஸ் தரத்தில் உள்ள கூட்டல்குறித் தலை பார்வைக்கு ஃபிலிப்ஸ் மாதிரியேதான் இருக்கும், வடிவத்தில் நூலிழை வித்தியாசம். ஃபிலிப்ஸ் முனையை அதில் வைத்தால் அடிவரைக்கும் இறங்காமல் மேலேயே தொற்றிக்கொண்டு நிற்கும். சில திருகுகளின் தலையில் ஓரமாக ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அது ஜேஐஎஸ் என்பதற்கான அடையாளம். புள்ளி இல்லாவிட்டாலும், பழைய ஜப்பானியக் கேமரா என்றால் நான் ஜேஐஎஸ் முனையைத்தான் எடுப்பேன். நீ வீட்டுப் பெட்டியில் இருந்த ஸ்டாரை வைத்துத் திருகியிருப்பாய்.

என்னிடம் ஜேஐஎஸ் முனையில் பூஜ்யம், இரட்டைப் பூஜ்யம் என்ற இரண்டு சின்ன அளவுகள் இருக்கின்றன. நாளைக்கே தபாலில் அனுப்புகிறேன். கழற்றிய மூன்று திருகில் ஒன்றை எடுத்து, எது ஆடாமல் உட்காருகிறது என்று பார்த்துக்கொள். முனையில் திருகைக் குத்தி அப்படியே பக்கவாட்டில் பிடித்தால், நல்ல பொருத்தம் என்றால் விழாமல் நிற்கும்.

முனை வரும்வரை திருகின் விளிம்பைச் சுற்றி ஒரு சொட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விடு. பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாதே, ஊசி முனையில் தொட்டு வை. கேமரா செய்கிறவர்கள் திருகு தானாகக் கழலாமல் இருக்க அரக்கு வார்னிஷ் தடவுவது உண்டு. அரக்கு ஆல்கஹாலில் இளகும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, இரண்டு நாள் இப்படிச் செய். எண்ணெய் மட்டும் வேண்டாம். துரு இளக்கும் எண்ணெய் கதவுக்கும் சைக்கிளுக்கும் நல்லதுதான், கேமராவுக்குள் அது ஊர்ந்து போய் ஷட்டர் தகடுகளில் ஒட்டிக்கொண்டால் அவை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும்.

பிறகு, கேமராவை மடித்த துண்டின் மேல் கவிழ்த்து, தாழ்வான மேசையில் வை. உன் தோள் அதற்கு நேர் மேலே வர வேண்டும். மழுங்கிய பள்ளத்தில் முனை கொஞ்சம் கூடச் சாயக்கூடாது. உள்ளங்கையால் ஸ்க்ரூடிரைவரின் தலையை அழுத்து, விரல்களால் திருப்பு. பத்தில் ஏழு பங்கு அழுத்தம், மூன்று பங்குதான் திருப்புவது. முதலில் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கமாகத் திருப்பிப் பார். அந்தப் பக்கத்துச் சுவர்கள் இன்னும் கெடாமல் இருக்கின்றன, பிடித்திருக்கிற பிசினும் அதில் விரிசல் விடும். அப்புறம் இடப்பக்கம், மெதுவாக. வழுக்குகிற மாதிரி கைக்குத் தெரிந்தாலே நிறுத்திவிடு.

வரவில்லை என்றால் முனையில் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் ஒரு பொட்டு தொட்டு வை. எஞ்சின் வால்வு தேய்க்கப் பயன்படுமே, அந்தச் சொரசொரப்பான பசைதான். அந்த மணல் துகள்கள் முனைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் கடித்துக்கொள்ளும். எனக்கு இது பலமுறை கைகொடுத்திருக்கிறது. திருகு வந்ததும் ஒரு துகள் மிச்சமில்லாமல் துடைத்துவிடு.

எல்லோரும் ரப்பர் பேண்டை நடுவில் வைத்துத் திருகச் சொல்வார்கள். அலமாரிக் கீலில் இருக்கிற பெரிய திருகுக்கு அது சரிதான், நானே செய்திருக்கிறேன். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான தண்டுள்ள திருகில் பள்ளமே கடுகளவுதான். அதில் ரப்பரைத் திணித்தால் முனை இறங்க இடமே இருக்காது, மிச்சமிருக்கிற இரண்டு கைகளும் போய்விடும். தலைமேல் உடனடிப் பசையை விட்டு ஸ்க்ரூடிரைவரை ஒட்டிக் கழற்றலாம் என்றும் சொல்வார்கள். பசை வழிந்து தகட்டுக்கும் தலைக்கும் நடுவில் இறங்கினால் அதோடு கதை முடிந்தது. தலை உயர்ந்து நிற்கிற திருகாக இருந்தால் குறட்டால் கவ்வித் திருப்பு என்று நானே சொல்லியிருப்பேன். உன்னுடையது தகட்டோடு தகடாகப் புதைந்திருக்கிறது, குறடு பிடிக்காது.

பேஸ்டிலும் அசையவில்லை என்றால் சூடு. சால்டரிங் அயர்னின் நுனியைத் திருகின் தலையில் மட்டும் படுமாறு வைத்து, பத்து எண்ணி எடு. இரும்பு சற்றே விரிந்து, பிசினும் கசிவில் பூத்த உப்பும் விடும். ஆறியபின் திருப்பிப் பார். தோலுறையிலும் பிளாஸ்டிக்கிலும் நுனி பட்டுவிடக்கூடாது. ஆல்கஹால் தடவிய அன்றைக்கு இதைச் செய்யாதே, முழுசாகக் காய்ந்த பிறகுதான். கேமராவில் பேட்டரி இருக்கவே கூடாது.

இவை எதுவும் கைகொடுக்காவிட்டால் தலையைக் குடைந்து எடுத்துவிடலாம். இதைச் சொன்னால் நீ பயப்படுவாய் என்று தெரியும். ஆனால் நிதானமாகச் செய்தால் இதைப்போல உறுதியான வழி வேறில்லை. மின்சார டிரில் வேண்டாம். பின் வைஸ் என்று பேனா அளவில் ஒரு கைப்பிடி இருக்கிறது. தண்டைவிடச் சற்றே பருமனான டிரில் பிட்டை அதில் மாட்டி, பள்ளத்தின் நடுவில் நேராக நிறுத்தி, விரலாலேயே சுற்ற வேண்டும். தலை உயரத்துக்கு இறங்கியதும் தலை மோதிரம் மாதிரி தனியாகக் கழன்று வந்துவிடும், தகட்டைத் தூக்கிவிடலாம். அடியில் தகட்டின் கனத்துக்குத் தண்டின் ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவு நேரம் அசையாமல் இருந்த திருகு, தலை போனதும் பிடிப்பு விட்டு, கூர்மூக்குக் குறட்டில் பிடித்துத் திருப்பினால் சுலபமாகச் சுழன்று வரும். இதை எத்தனை முறை பார்த்திருந்தாலும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. தூளைப் பற்றி மட்டும் கவனம். சுற்றிலும் டேப் ஒட்டி மறைத்துவிடு. வாயால் ஊதாதே, உள்ளே போய்விடும். காந்தமும் வேண்டாம், ஒளிமானியின் முள் காந்தத்தில் ஓடுவது. இன்னொரு டேப்பால் ஒற்றி ஒற்றி எடு.

கழற்றிய மூன்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டிருந்தால் பரவாயில்லை, இனிமேல் ஒரு தாளில் அடித்தகட்டை வரைந்து, அந்தந்த இடத்தில் டேப் போட்டு ஒட்டி வை. நீளம் வேறுவேறாக இருக்கலாம். நீளமானது தவறான துளைக்குள் போனால் அடியில் எதையாவது குத்தும். ஒன்றைப் பத்திரமாக எடுத்து எனக்கு அனுப்பு. என் டப்பாவில் பழைய கேமராத் திருகுகள் கிடக்கின்றன, மரை பொருந்துகிறதா என்று பார்த்து நாலாவதுக்கு ஜோடி அனுப்புகிறேன். மழுங்கியதைத் திரும்பப் போடாதே.

இதையெல்லாம் எழுதிவிட்டு உன் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மேலே ஓரத்தில் படம் எண்ணும் ஜன்னல் தெரிகிறது. அதில் இருப்பது 20-ஆ 26-ஆ என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை, ஆரம்ப இடத்தில் இல்லை என்பது மட்டும் நிச்சயம். அந்த மாதிரிக் கேமராவில் பின்மூடியைத் திறந்தால் அந்த எண் ஆரம்பத்துக்குப் போய்விடும். வசந்தி, உள்ளே ஃபிலிம் இருக்கலாம். முதலில் ஒரு காரியம் செய். ஃபிலிமைச் சுருட்டும் குமிழை, அடியிலுள்ள பொத்தானை அழுத்தாமல், அம்புக்குறிப் பக்கமாக மெல்லத் திருப்பு. சும்மா சுற்றினால் காலி. ஏதோ பிடித்து இழுப்பதுபோல் நின்றால் அதோடு விட்டுவிடு. பின்மூடியைத் திறக்காதே, சால்டரிங் அயர்னைப் பக்கத்தில் கொண்டுபோகாதே. ஃபிலிமைச் சுருட்டி எடுத்த பிறகு திருகைப் பார்த்துக்கொள்ளலாம்.

குமிழ் என்ன செய்தது என்று அன்றைக்கே எழுது. தபாலுக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இருக்காது, ஃபோன் செய்தாலும் சரி.

உன்,
கலா