காலாண்டுச் செய்திகளும் ஒரு வேண்டுகோளும்

20.8.2025

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறந்து இரண்டரை மாதங்கள் ஓடிவிட்டன. கபடி அணி வட்டாரப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. நூலகத்துக்குப் புதிய அலமாரிகள் வந்துள்ளன. காலாண்டுத் தேர்வுக்குப் பிள்ளைகள் நன்றாகவே தயாராகி வருகிறார்கள். அனைவருக்கும் பாராட்டுகள்.

இனி, ஆகஸ்ட் 15 பற்றி.

இந்த ஆண்டு சுதந்திர தினம் வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் கிருஷ்ண ஜெயந்தி, அதற்கடுத்து ஞாயிறு. மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தால் ஊருக்குப் போகத் தோன்றுவது இயல்பு. எனக்கும் ஊர் இருக்கிறது. போதாக்குறைக்கு அது ஆடிக் கடைசி வெள்ளி. அம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீடுகள் உண்டு. மாதா விண்ணேற்புப் பெருநாளும் அன்றுதான். திருப்பலிக்குப் போகும் வீடுகளும் உண்டு. இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை. சாமி கும்பிடுவதற்கும் கொடி வணக்கத்துக்கும் என்ன பகை? பக்கத்தில் சிதம்பரத்தில் தேசியக் கொடியை வெள்ளித் தட்டில் வைத்து, நடராசர் முன் பூசை செய்து, எடுத்துச் சென்று கீழைக் கோபுரத்தில் ஏற்றுகிறார்கள். நம் பள்ளியில் கொடியேற்றம் காலை எட்டரைக்கு. ஒன்பதரைக்கெல்லாம் பிள்ளைகள் மிட்டாயோடு வீடு திரும்பிவிடலாம். கூழுக்கும் ஜும்மா தொழுகைக்கும் கோயில் பொது விருந்துக்கும் அதன் பிறகு நேரம் தாராளமாக இருக்கிறது. காலைத் திருப்பலி உண்டு என்று முன்கூட்டியே சொன்ன வீட்டாருக்கு மகிழ்ச்சியோடுதான் அனுமதி கொடுத்தோம்.

சொல்லாமல் வராதவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மைதானத்தில் மூவண்ணத் தொப்பிகளோடு பிள்ளைகளைக் கொடி வடிவில் நிறுத்த இரண்டு வாரம் பயிற்சி நடந்தது. நடுவில் அசோகச் சக்கரம். அதற்கு 24 ஆரங்கள் என்பதால் 24 பிள்ளைகள். அன்று வந்தவர்கள் பதின்மூன்று பேர். உடற்கல்வி ஆசிரியர் அவர்களையே தள்ளித் தள்ளி நிற்க வைத்து ஒரு வட்டமாக்கினார். மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "டீச்சர், இருபத்துநாலு என்று சொன்னீர்களே" என்று கேட்டான். ஆசிரியை என் முகத்தைப் பார்த்தார். நான் கொடிக்கம்பத்தைப் பார்த்தேன்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அரசு விடுமுறை என்றாலும் கொடியேற்றத்துக்கு மாணவர்கள் வந்தாக வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் முந்தின நாளே தெரிவியுங்கள். திங்கட்கிழமை வந்த விடுப்புக் கடிதங்களில் பெரும்பாலானவை காய்ச்சல் என்கின்றன. அந்தக் காய்ச்சலில் ஒன்று சனிக்கிழமை ஏற்காட்டில் படகுச் சவாரி செய்த படத்தை வாட்ஸ்அப்பில் ஆசிரியர்களும் பார்த்தார்கள். ஊருக்குப் போனது தவறல்ல. பிள்ளையின் கையிலேயே பொய்க் கடிதத்தைக் கொடுத்து அனுப்புவது தவறு. இனி அப்படிப்பட்ட கடிதங்களை ஏற்க மாட்டேன்.

இதை ஆகஸ்டிலேயே எழுதக் காரணம் உண்டு. வருகிற குடியரசு தினம், 2026 ஜனவரி 26, திங்கட்கிழமை. நான் நாட்காட்டியைப் பார்த்துவிட்டேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். நவம்பர் கடைசியில் ரயில் டிக்கெட் எடுக்கும்போது திங்கட்கிழமை காலைக்குள் ஊர் திரும்பும்படி எடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் நீங்களும் பிள்ளையோடு வந்து நில்லுங்கள். இம்முறை பேரனோடு வந்த பாட்டி ஒருவர், கொடியிலிருந்து விழுந்த பூவைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

கடிதம் சற்றுக் கடுமையாகிவிட்டதோ என்று எனக்கே தோன்றுகிறது. வந்திருந்த எல்லாக் குடும்பங்களுக்கும் நன்றி. கொடியில் வைத்துக் கட்ட ஒரு கூடை ரோஜா இதழ் தந்து, காசு வாங்க மறுத்துவிட்ட பூக்கட்டும் தாயாருக்கும், கம்பத்தின் உருளையில் கயிறு சிக்கியபோது ஓடிப்போய் ஏணி கொண்டு வந்த தந்தைக்கும் தனி நன்றி. ஏணி அலுவலக அறையில் இருக்கிறது; எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்